குச்சிக்கிழங்கு, காபி, முகாம் அட்டை: சர்வதேச உறவுகள் பற்றி சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மாலை நேரத்தில் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.ஏ. படிப்பவர்கள் வருகிறார்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வருகிறார்கள். மகனோ மகளோ வெளிநாட்டில் இருப்பதால் விவரம் தெரிந்துகொள்ள வரும் பெற்றோரும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் ஆறாவது கேள்வியை மட்டும் படித்தாலும் போதும்.

1. சர்வதேச உறவுகள் என்றால் டெல்லி, வாஷிங்டன், ஜெனீவா. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் படிக்க என்ன இருக்கிறது?

ஜவ்வரிசி இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

குச்சிக்கிழங்கு நம் மண்ணில் பிறந்த பயிரில்லை. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்து, கேரளத்தில் வேரூன்றி, அப்புறம் நம் பக்கம் வந்தது. அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் பிடித்துக்கொண்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். அதுவரை ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் அந்த வரத்து நின்றுபோனது. சந்தை காலியாகக் கிடப்பதைச் சேலத்து வியாபாரிகள் கவனித்தார்கள், கிழங்கு மாவில் செய்து பார்த்தார்கள், வந்துவிட்டது. ஆத்தூர்ப் பக்கம் இன்று ஓடும் சேகோ ஆலைகள், 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு எல்லாமே அந்தப் போர் விட்டுப்போன காலியிடத்தில் முளைத்தவை.

இந்தப் பாடத்துக்கான முதல் பேராசிரியர் பதவி 1919-ல், வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித் என்ற ஊரில் உருவானது. முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. இனி இப்படியொரு போர் வராமல் தடுப்பது எப்படி என்பதே அன்றைய கவலை. அதனால் அரசுகள், படைகள், ஒப்பந்தங்கள் மீதே பாடத்தின் கண் பதிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்ணுக்குச் சிங்கப்பூரின் வீழ்ச்சி தெரியும், ஆத்தூரின் கிழங்குக் காடு தெரியாது. சேலத்தில் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே தெரிகிறது.

2. அன்றாட வாழ்க்கை என்ற பார்வை கோட்பாட்டுக்குள் எப்போது வந்தது?

தேர்வுக்கு எழுதுகிறவர்கள் இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1979-ல் கென்னத் வால்ட்ஸ் அமைப்புசார் யதார்த்தவாதத்தை முழுமையாக முன்வைத்தார். உலகில் அரசுகளுக்கு மேல் ஓர் அதிகாரம் கிடையாது, ஆகவே ஒவ்வோர் அரசும் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், எந்த நாடு எப்படி நடக்கும் என்பதைப் பலத்தின் பங்கீடே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதுதான் அதன் சாரம். மனிதர்கள் இதில் வருவதே இல்லை. கோட்பாடு சிக்கனமாக இருக்க வேண்டும் என்று அவர் வேண்டுமென்றேதான் விட்டார்.

பத்து வருடம் கழித்து, 1989-ல், சிந்தியா என்லோ ஒரு எளிய கேள்வி கேட்டார்: இதில் பெண்கள் எங்கே? தூதரின் விருந்தைச் சம்பளமில்லாமல் நடத்தும் மனைவி, ராணுவத் தளத்தைச் சுற்றிப் பிழைக்கும் பெண்கள், வாழைத் தோட்டத்துக் கூலிகள், அயல்நாட்டு வீடுகளில் வேலை செய்கிறவர்கள். இவர்களின் மலிவான உழைப்பு இல்லாவிட்டால் நாடுகளுக்கிடையிலான ஏற்பாடு ஒரு நாள்கூட ஓடாது என்று காட்டினார்.

என் கருத்து: இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கையில் வால்ட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனால் காட்சி மட்டும் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

3. சரி, ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே காபி விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்?

ஏற்காட்டில் இருக்கும் யாரும் இல்லை.

சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். மலையின் உயரத்துக்கு அராபிகா என்ற காபி வகை நன்றாக வந்தது. அராபிகாவின் உலக விலை நியூயார்க் சந்தையில் உருவாகிறது, ரொபஸ்டா என்ற மற்ற வகையின் விலை லண்டனில். பிரேசிலில் பனி விழுந்து செடி கருகினால் ஏற்காட்டு எஸ்டேட்காரருக்கு நல்ல வருடம். அங்கே அமோக விளைச்சல் என்றால் இங்கே முகம் வாடும். பழம் பறிக்கும் பெண்களின் கூலி மட்டும் விலை ஏறும்போது கூடவே ஏறுவதில்லை. என்லோவின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள்.

இதற்குள் ஒரு பெரிய அரசியல் கதை இருக்கிறது. 1962-ல் காபி விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சர்வதேச காபி ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வைத்து விலையைத் தாங்கிப்பிடித்தார்கள். பனிப்போர் காலம் அது. காபி விவசாயி பட்டினி கிடந்தால் லத்தீன் அமெரிக்கா கம்யூனிசத்தின் பக்கம் சாய்ந்துவிடும் என்ற பயமும் அமெரிக்காவைக் கையெழுத்துப் போட வைத்தது. அந்தப் பயம் கரைந்த நேரத்தில், 1989 ஜூலையில், ஒதுக்கீட்டு முறை உடைந்தது. உலக விலை சில மாதங்களில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் அடி உடனே முழுசாக விழவில்லை. 1942-ன் காபி சட்டப்படி விவசாயிகள் விளைச்சலைக் காபி வாரியத்திடம் ஒப்படைத்தார்கள், வாரியம் விற்று எல்லோருக்கும் பங்கு கொடுத்தது. சோவியத் யூனியன் ரூபாய் வர்த்தகத்தில் பெரிய அளவில் வாங்கிக்கொண்டிருந்தது. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது. அதற்கடுத்த வருடம் தொடங்கி 1996-க்குள் வாரியத்தின் கொள்முதல் முறையும் படிப்படியாக எடுக்கப்பட்டது. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் பதவி விலகியதற்கும் ஏற்காட்டுச் சிறு விவசாயி தன் மூட்டைக்குத் தானே வியாபாரி தேட ஆரம்பித்ததற்கும் நடுவில் நான்கைந்து வருடம்தான்.

இப்போது புதிய அத்தியாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே நுழையக் கூடாது. விளைந்த தோட்டத்தின் இருப்பிடத்தை வரைபடப் புள்ளிகளோடு காட்ட வேண்டும். அமலாகும் தேதி தள்ளிப்போய்க்கொண்டிருந்தாலும் தயாரிப்பு வேலை தொடங்கிவிட்டது. பட்டா யார் பேரில், எல்லை எங்கே, நிழல்மரத்தைக் காடு என்று யாராவது சொல்லிவிடுவார்களா என்பதெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது. காட்டைக் காப்பது நல்லதுதான். ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலைவாசி இந்தக் காகித வேலையை எப்படிச் செய்வார் என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் எவ்வளவு யோசித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

4. காபி தவிர வேறு உதாரணம்?

ஏராளம். செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைக்குப் போய் வெள்ளி விலை கேளுங்கள். டாலர் மதிப்பு, லண்டன் விலை, இறக்குமதி வரி மூன்றும் சேர்ந்த தொகையைத்தான் சொல்வார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தபோது, ஏற்கெனவே சரக்கு வாங்கி வைத்திருந்த பட்டறைக்கு ஒரே நாளில் நஷ்டம். 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது நினைவிருக்கும். நாம் இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்தது.

5. புலம்பெயர் சமூகம் என்று யாரைச் சொல்லலாம்? வெளிநாடு போன எல்லோரையுமா?

1991-ல் வில்லியம் சாஃப்ரன் ஒரு பட்டியல் கொடுத்தார்: ஒரு மையத்திலிருந்து சிதறியவர்கள், தாயகத்தின் நினைவைக் காப்பவர்கள், போன இடத்தில் முழுசாக ஏற்கப்படவில்லை என்று உணர்கிறவர்கள், ஒருநாள் திரும்புவோம் என்று நம்புகிறவர்கள், இப்படி. யூதர்களின் அனுபவத்தை அளவுகோலாக வைத்து உருவானது. 2005-ல் ரோஜர்ஸ் புரூபேக்கர் வேறு மாதிரி பார்க்கச் சொன்னார். எண்ணிக் கணக்கெடுக்கக்கூடிய ஒரு கூட்டமாக அதைப் பார்க்காதீர்கள், சிலர் சில நேரங்களில் எடுக்கும் ஒரு நிலைப்பாடாக, வைக்கும் ஒரு கோரிக்கையாகப் பாருங்கள் என்றார். டொரன்டோவில் இருக்கும் ஒரு பொறியாளர் பொங்கலன்று அந்த நிலைப்பாட்டை எடுக்கிறார், வரி கட்டும் நாளில் எடுப்பதில்லை. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் உண்மைக்குப் பக்கத்தில் தெரிகிறது.

வகுப்பில் வேடிக்கையாக ஒரு கணக்குப் போடச் சொல்வேன். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சாஃப்ரனின் பட்டியலில் எத்தனைக்கு டிக் அடிக்கலாம்? யாரும் அவர்களைப் புலம்பெயர் சமூகம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் நடுவில் நாட்டு எல்லை இல்லை. ஆனால் மாவட்ட எல்லை போதும் ஆளை மாற்றிவிட. சேலத்து மலையாளிக்குப் பழங்குடிச் சான்று உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் அதை நீண்டகாலமாகக் கேட்டுப் போராடி வருகிறார்கள்.

6. ஒரே மாவட்டத்திலிருந்து போனவர்களின் வாரிசுகளுக்கு ஏன் இத்தனை வகை அட்டை?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது. ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். சட்டமும் தேதியும் நிஜம்.

1920-களில் ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன் தம்பி மூன்று பேர். மழை இல்லை. மூத்தவர் ஊரிலேயே இருக்கிறார். நடுவில் உள்ளவர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார். இளையவர் மலேயா ரப்பர் தோட்டத்துக்கு. சேலம், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் இப்படிப் போனார்கள். 1938-ல் மலேயாவுக்கும் 1939-ல் இலங்கைக்கும் கூலித் தொழிலாளர் போவதை இந்திய அரசு தடுத்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

மலேயாக் கிளையில் பலருக்கு 1957 விடுதலைக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தது. கிடைக்காமல், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அட்டையோடு காலம் தள்ளியவர்களும் உண்டு. கிடைத்தவரின் பேரன் இன்று கோலாலம்பூரில் வக்கீல் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளுத்தாத்தாவின் பிறப்பைக் காட்டும் ஆதாரம் இருந்தால் அவர் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை, வாங்கலாம். ஆயுள் முழுக்க விசா வேண்டாம்.

சிலோன் கிளை வேறு. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அதே வருடம், 1948-ல், அந்த நாட்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், இப்படித் தோட்டங்களுக்குப் போன மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்கு எழுபத்தையாயிரமாக இந்திராவும் சிறிமாவோவும் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் நிலம் பிரிப்பதுபோல இருக்கிறது, நிலத்துக்குப் பதில் ஆட்கள். அந்த ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படித் திரும்பியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்து, நீலகிரியில் அவர்களுக்காகவே தொடங்கிய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், நூற்பாலைகளுக்கும், பூர்வீக மாவட்டங்களுக்கும் போனார்கள். சட்டப்படி இந்தியர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ சிலோன்காரர்கள்.

திரும்பாமல் அங்கேயே இருந்தவர்களில் சிலர் 1977, 1983 கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வவுனியா பக்கம் போனார்கள். போர் அங்கேயும் வந்தது. படகேறினார்கள், தமிழ்நாட்டு முகாமில் அகதியாகப் பதிவானார்கள். இன்றைய முகாம்வாசிகளில் இந்திய வம்சாவளியினர் கணிசமாக இருப்பது இப்படித்தான். கடைசிவரை இலங்கையிலேயே இருந்த நாடற்றவர்களுக்கு 2003-ல் அந்த நாடு தனிச் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது.

இப்போது அடுக்கிப் பாருங்கள். ஒரே கொள்ளுப்பாட்டியின் வாரிசுகள். ஒருவர் ஆத்தூரில் வாக்காளர், ஒருவர் ஓ.சி.ஐ. அட்டையோடு குலதெய்வம் கும்பிட வரும் விருந்தாளி, ஒருவர் தாயகம் திரும்பியவர், ஒருவர் அகதி. பேசும் மொழி, கும்பிடும் சாமி, பண்டிகைப் பலகாரம் எல்லாம் ஒன்றுதான். வித்தியாசத்தை உண்டாக்கியவை எந்தக் கப்பல், எந்த வருடம், எந்தக் கையெழுத்து என்பவை. புலம்பெயர் அடையாளத்தைப் பண்பாடு, ஏக்கம், வேர் என்று மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு இந்த இடத்தில்தான் பிணக்கு. அடையாளத்தின் பெரும்பகுதியை அரசாங்கங்கள் எழுதுகின்றன.

7. முகாமில் பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகன் தானே?

பெரும்பாலும் இல்லை. 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. முகாம்களுக்குப் பெரும் வரத்து 1983-க்குப் பிறகு என்பதால் இந்தத் தேதிகள் அங்கே பிறந்த பெரும்பாலோரை வெளியே நிறுத்துகின்றன. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றது. இலங்கை அதில் இல்லை. 1951-ன் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதும் இல்லை.

சேலம் மாவட்டத்திலும் முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாநில அரசு மாற்றியது. வீடுகள் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள், உதவித்தொகை கூட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, பட்டம் வாங்கிய பெண் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, கணக்கெடுப்பு நாளில் முகாமில் நேரில் நிற்க வேண்டும்.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951-ல் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். மனித உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறோம், ஆனால் எந்த நாடும் தன் ஆள் என்று சொல்லாதவருக்கு அதை யார் கொடுப்பது? முதலில் தேவைப்படுவது உரிமைகளை வைத்துக்கொள்ளும் உரிமை என்றார். அவரே பல வருடம் நாடற்றவராக அலைந்தவர்.

8. என் பையன் அமெரிக்காவில் இருக்கிறான். இங்கே ஓட்டுப் போடலாமா? ஏற்காட்டில் எஸ்டேட் வாங்கலாமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்யலாம். 2010 சட்டத்திருத்தம் வழி செய்தது. ஆனால் தேர்தலன்று நேரில் வந்து போட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும், ஓ.சி.ஐ. அட்டைக்கு ஓட்டுரிமை கிடையாது.

வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூன்றையும் வெளிநாடு வாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைதாரரும் விலைக்கு வாங்க முடியாது. அப்பா சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் கெஸ்ட் ஹவுஸ் மனை என்று காட்டுகிறவர்களிடம் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

9. வளைகுடாவுக்குப் போகிறவர்களின் கடவுச்சீட்டில் ஈ.சி.ஆர். என்று ஏன் போடுகிறார்கள்?

வெளிநாடு போக முன் அனுமதிச் சோதனை தேவை (Emigration Check Required) என்பதன் சுருக்கம் அது. 1983-ன் குடிபெயர்வுச் சட்டத்தின் வேலை. பத்தாவது தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாக இந்த முத்திரை வரும். பட்டியலிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் முன் அனுமதி பெற வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட், ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் சரிபார்த்த பிறகே அனுமதி. இந்த முத்திரையுள்ள முப்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அனுமதியே கிடையாது.

ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காக்க வந்த விதி. ஆனால் விதி கடுமையான இடத்தில் சுற்றுவழி வியாபாரம் தழைக்கிறது. சுற்றுலா விசாவில் அனுப்பி, போன பிறகு வேலை விசா மாற்றித் தருகிறேன் என்பார்கள். அந்த வழியில் போனவர் கணக்கிலேயே இல்லை, பிரச்சினை வந்தால் காப்பீடும் இல்லை. பணம் கட்டுமுன் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

10. சேலத்துக்காரர் யாராவது உலக அரசியலில் தலையிட்டிருக்கிறாரா?

ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர். 1962-ல், எண்பது வயதைத் தாண்டியபின், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி வாஷிங்டனில் கென்னடியைச் சந்தித்துப் பேசினார். அவருடைய மற்ற அரசியலோடு எனக்குப் பல முரண்பாடு உண்டு, இதில் இல்லை.

11. வெளிநாட்டுத் தமிழர்கள் அங்கிருந்துகொண்டு இங்குள்ள அரசியலைப் பேசுவது சரியா?

தேசியம் பற்றி எழுதிய அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சன் இதைத் தொலைதூரத் தேசியம் என்றார். தாயக அரசியலுக்குப் பணமும் ஆவேசமும் அனுப்புகிறவர் அங்கே வரி கட்டுவதில்லை, சிறைக்குப் போவதில்லை, விளைவுக்குப் பதில் சொல்வதில்லை என்பது அவர் கவலை. 2009-ல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் டொரன்டோ நெடுஞ்சாலையிலும் ஈழத்தமிழர் அமர்ந்ததை இதில் அப்படியே அடக்கிவிட முடியாது. அவர்களில் பலர் குண்டுக்குத் தப்பி வந்தவர்கள், உறவினர் அந்த நேரம் முள்ளிவாய்க்காலில் இருந்தார்கள். விளைவு அவர்கள் வீட்டுக்கே வந்திருந்தது.

எனக்கு ஆண்டர்சனின் கவலை கச்சிதமாகப் பொருந்துகிற இடம் சாதி. கடல் தாண்டியும் அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் ஊர்த் திருமணத் தகவல் மையங்களில் அமெரிக்கக் குடியுரிமையும் உட்பிரிவும் ஒரே வரியில் கேட்கப்படுவதைப் பார்க்கலாம். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர சபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே வருடம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். இரண்டு பக்கமும் நின்று வாதாடியவர்களில் பலர் நம் நாட்டிலிருந்து போனவர்கள்.

12. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இதில் என்ன இருக்கிறது? நாங்கள் எங்கேயும் போகவில்லையே.

போகாதவர்கள்தான் இந்தப் பாடத்தில் விடுபட்டுப் போகிறார்கள். 2022-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 11,100 கோடி டாலரைத் தொட்டது, உலகத்திலேயே அதிகம். அந்தக் கணக்கைப் பேசுகிறவர்கள் மறுபக்கத்தைப் பேசுவதில்லை. பேரனுக்குத் தமிழ் வர வேண்டும் என்று பாட்டி இரவு கண்விழித்து வீடியோவில் கதை சொல்வதும் உழைப்புதான். மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் போய்ச் சமைத்துத் துவைத்துவிட்டு வரும் அம்மாவுக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடமில்லை.

விசா விதி வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு ஒரு சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர் அங்கே சட்டப்படிதான் இருப்பார், ஆனால் கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். வெளியே வந்தால் தூதரகத்தில் புதிதாக முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்று தெரியாது, வேலை போகலாம். நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் வேலைவழிக் கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு இருப்பதால் இந்தியர் வரிசை பல வருடம் நீளம். அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்று மகன் வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருப்பான். கடைசியில் கொள்ளி வைப்பது தம்பியா, சித்தப்பா மகனா என்பதை ஓர் அயல்நாட்டு அமைச்சகத்தின் விதி தீர்மானிக்கிறது. ஊரார் அவனைக் கல்நெஞ்சன் என்பார்கள். எனக்கு அந்த வசையில் நியாயம் தெரியவில்லை.

13. அயலகத் தமிழர் தினம் கொண்டாடுவதால் என்ன பயன்?

மத்திய அரசு 2003 முதல் ஜனவரி 9-ஐ வெளிநாடு வாழ் இந்தியர் தினமாக வைத்திருக்கிறது, 1915-ல் காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நாள். தமிழக அரசு ஜனவரி 12-ல் நடத்துகிறது. முதலீடு வருகிறது, தொடர்பு வளர்கிறது, அதெல்லாம் சரிதான். ஆனால் கவனியுங்கள்: மாநிலத்தில் அயலகத் தமிழர் நலனையும் முகாம்வாசிகளின் மறுவாழ்வையும் பார்ப்பது ஒரே துறை. விழா மேடையில் சால்வை வாங்குகிறவரும் முகாமில் கணக்கெடுப்புக்கு நிற்பவரும் ஒரே துறையின் கோப்புகளில் இருக்கிறார்கள். ஒரு வருடமாவது மேடையில் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்கலாம் என்பது என் ஆசை.

14. இதில் ஆய்வு செய்ய ஆசை. சேலத்திலிருந்தே செய்ய முடியுமா?

தாராளமாக. தலைப்பைச் சிறியதாக வையுங்கள். இந்திய-இலங்கை உறவுகள் என்று எழுதினால் டெல்லியில் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியது உங்களுக்கும் வரும். 1964 ஒப்பந்தத்தில் வந்த ஒரு குடும்பத்தின் காகிதங்கள் என்று வைத்தால் உங்களைத் தவிர யாரும் எழுத முடியாது. பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, கடன் உத்தரவு, டிரங்குப் பெட்டியில் இருக்கும் கடிதங்கள் எல்லாம் சான்றுகள். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், அசலை ஒருபோதும் வாங்கிவராதீர்கள். காபி பக்கம் போகிறவர்கள் எஸ்டேட் அலுவலகத்தோடு நிற்காமல் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் போங்கள், பெண்கள் வேலை முடிந்து வந்து அடுப்பு வேலையும் முடித்த பிறகு, அவர்கள் சொல்லும் நேரத்தில்.

முகாமுக்குள் பேச வேண்டுமென்றால் முன் அனுமதி இல்லாமல் முடியாது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், பல்கலைக்கழகக் கடிதத்தை இணையுங்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு முதல் ஆண்டிலேயே போட்டுவிடுங்கள். பேட்டியில் யார் பெயரையும் முகாம் பெயரையும் எழுத வேண்டாம். உங்கள் ஆய்வேடு நூலக அலமாரியில் இருக்கும், அவர்களின் குடியுரிமை வழக்கு நடந்துகொண்டிருக்கும்.